கூமுட்டை வாசம்

முதலில் லாமாப் புழுக்கைக்குத்தான் விலை பேசினார்கள்.
மூட்டைக்கு ஐந்து பொலிவியானோ.
மந்தைக்காரர்கள் சிரித்தோம்:
காற்று வாரிப்போவதற்கும் காசா?

சுரங்கத்தின் வாயிலிருந்து
துரு கரைந்த நிறத்தில் ஒழுகிவரும் தண்ணீர்.
கம்பளியை நனைத்தால் நூல் இற்றுப்போகும்.
அந்த வாய்க்குள் எழுநூறு அடி ஆழத்தில்
என் ஃபௌஸ்தினோ இருக்கிறான்,
இன்னும் வெள்ளீயம் தேடிக்கொண்டு.
அவன் குத்தக் குத்த அது சிவக்கும்.
கீழே நான் புட்டியில் பிடித்துத் தேதி எழுதுவேன்.
ஒரே அடுப்பில் வேகும் இரண்டு சம்பளம்,
இரண்டும் இந்தத் தண்ணீரால்.

குழி வெட்டினோம்.
புழுக்கை, சுண்ணாம்புக்கல், குயினோவாப் பதர்,
எல்லாவற்றுக்கும் மேலே
வற்றிய ஏரியின் ஓரத்திலிருந்து
ஒரு வாளிக் கருஞ்சேறு.
"இதில்தான் இருக்கிறார்கள்" என்றாள் இன்ஜினியர் நெல்டா.
இருக்கிறார்கள் என்றாள்,
கூலிக்கு ஆள் எடுத்தவளைப் போல.

காற்று ஆகாதாம் அவர்களுக்கு.
நீரில் கரைந்த கந்தகத்தையே மூச்சாக இழுத்து
கூமுட்டை நாற்றமாக விடுவார்களாம்.
அந்த நாற்றம் போய்
ஈயத்தின் கையைப் பிடிக்கும்,
காட்மியத்தை, துத்தநாகத்தை.
பிடிபட்டது கனத்து
அடியில் உட்காரும்.

ஆறாவது வாரம் நாறியது.
அப்படி ஒரு நாற்றம்.
பள்ளி வாத்தியார் மனு எழுதினார்,
மேலத்தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது,
ஒரு கல்யாண விருந்து இடம் மாறியது.
நான் மட்டும் விடிகாலையில்
மூக்கை விடைத்துக்கொண்டு போவேன்,
உலை கொதிக்கிறதா என்று
மூடியைத் திறந்து பார்ப்பவளாக.

ஜூன்.
குழியின் மேல் பனி கண்ணாடி போட்டது.
ஒரு காலை ஊரே முகம் மலர்ந்து நின்றது:
"நாற்றம் விட்டது, பாசிலியா!"
என் வயிற்றில் கல் விழுந்தது.
ஆய்வகத்து எண்கள் வர மூன்று வாரம்;
மூக்குக்கு அன்றே தெரிந்துவிட்டது.

வைக்கோல் பரப்பினேன்.
கிழிந்த போர்வைகளைப் போர்த்தினேன்.
குளிரில் சுருண்ட அவர்களை
எந்தப் பெயர் சொல்லி எழுப்புவது?

ஆகஸ்ட், மண்ணுக்குப் பசிக்கிற மாதம்.
சுரங்கத்துக்குள் சாமிக்கு ஊற்றிவிட்டு
மிச்சத்தோடு வெளியே வந்தான் ஃபௌஸ்தினோ.
முதலில் நாலு சொட்டு.
பிறகு, என்ன நினைத்தானோ,
இரண்டு லிட்டர் கேனைக் குழிக்குள் கவிழ்த்தான்.
கத்தினேன். ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

நெல்டா கேட்டதும் கோபிக்கவில்லை.
"சாராயம் அவர்களுக்குச் சோறு" என்றாள்.
பேரேட்டில் நேர்கோட்டு எழுத்தில் எழுதினாள்:
கரிம உணவு, இரண்டு லிட்டர்.
வழங்கியது: வழிபாடு.

செப்டம்பர் வெயிலா, அந்தக் கேனா,
யாருக்குத் தெரியும்?
நாற்றம் திரும்பிவிட்டது.
வாத்தியார் இரண்டாவது மனு எழுதுகிறார்.
அதன் கடைசி வரியில் ஒரு கேள்வி:
குழி நிரம்பினால் அந்தக் கறுப்பை அள்ளுவது யார்?
நல்ல கேள்வி.
நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஏனென்றால் விஷம் எங்கேயும் போய்விடவில்லை.
என் காலடியில் உட்கார்ந்திருக்கிறது.
எழுந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்,
அவ்வளவுதான்.

குழியைத் தாண்டி ஐம்பது அடி
தண்ணீர் தண்ணீராகவே ஓடுகிறது.
அதன்பின் பக்கத்து மலையின் பழைய வாய்
வந்து கலந்துவிடுகிறது.
அங்கே குழியும் இல்லை, புட்டியும் இல்லை.

நேற்று அந்த ஐம்பது அடிக்குள்
ஒரு லாமா வந்து நின்றது.
குனிந்து முகர்ந்தது.
குடிக்கவில்லை.
கரையோரமாகப் புழுக்கை போட்டுவிட்டு
மேட்டில் ஏறிப் போனது.

அதை மூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.
கையால் வாரி
நேராகக் குழியில் போட்டேன்.